பெயர்ப்பலகையில் எழுதியிருந்த சாவி

போன மாதம் என் வீட்டில் ஃபைபர் இணைப்பு கொடுக்க ஒருவர் வந்தார். சுவரில் இரண்டு ஆணி, ஒரு பெட்டி, ஒரு ஒயர், அவ்வளவுதான். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டை என் ஃபோனில் படம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். "பாஸ்வேர்டு அதிலயே உண்டு, சேச்சி. மாத்தணும்னா பின்ன மாத்திக்கலாம்." நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் கீழே பைக் கிளம்பிவிட்டது. வாழ்க்கையில் பாதியை இதே வேலையில் கழித்தவள் நான். இதெல்லாம் ஒரு வேலையா என்று வாய்விட்டே திட்டினேன். திட்டி முடித்ததும் பஜார் ரோடு ஞாபகம் வந்தது. அடுத்தவரைத் திட்ட உனக்கு என்னடி யோக்கியதை என்று வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் கம்பெனியில் இப்போது என் நாற்காலியில் இருக்கும் ரஜனி, "பழைய கதையெல்லாம் எழுதி வையுங்க சேச்சி" என்று ரொம்ப நாளாக நச்சரிக்கிறாள். பெருமைக்குரிய கதைகளை எல்லாம் அவளிடம் ஃபோனிலேயே அளந்துவிட்டேன். சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதுவும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொன்னால் பொய்.

நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் மட்டாஞ்சேரி. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். அப்பா நகரசபையில் குழாய் ரிப்பேர் பார்த்தார். நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கொஞ்ச நாள் ரேடியோ கடையில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வர்கீஸ் சாரின் கம்பெனியில் சேர்ந்தேன். அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் இணைப்புப் போட்டுக் கொடுக்கும் சின்னக் கம்பெனி. அப்போது ஒரே கறுப்புக் கேபிள் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் தொட்டுக்கொண்டு போகும். ஒரு முனை கழன்றால் ஆபீஸ் மொத்தமும் படுத்துவிடும். கழன்ற முனையைத் தேடி மேசை மேசையாக ஊர்ந்தே என் இளமை போனது. "டெக்னீஷியன் வரலியா?" என்று மேலிருந்து யாராவது கேட்பார்கள். "உங்க காலுக்குக் கீழதான் சார் இருக்கேன்" என்று பதில் சொல்வேன்.

வர்கீஸ் சார் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து கரைக்கு வந்தவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, மற்றொன்று முதல் பேனா நின்றுபோனால் எழுத. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் "ஒண்ணுகூடி சொல்லு" என்பார். நாம் சொன்ன சால்ஜாப்பை நாமே மெதுவாக இன்னொரு தடவை சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை சொல்லும்போது அது எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

இரண்டாயிரம் கழிந்து நாலைந்து வருஷத்தில் வைஃபை பெட்டிகள் வந்தன. ஊரே சந்தோஷப்பட்டது, சார் ஒருவரைத் தவிர. கம்பியில் ஓடுகிறவரை ஒரு செய்தியைத் திருட வேண்டுமென்றால் கம்பியைத் தொட்டாக வேண்டும். கம்பி இல்லையென்றால் அது நாலு பக்கமும் பரவும், தெருவுக்கும் போகும். அதனால் பெட்டியும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வதை மற்றவர்களுக்குப் புரியாதபடி குலைத்து அனுப்புவார்கள். குலைக்கவும், குலைத்ததை ஒழுங்காக்கவும் ஒரு சாவி. இரும்புச் சாவி இல்லை, எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு வரிசை. அது தெரிந்தவர் உள்ளே வரலாம். அந்தக் காலத்தில் இரண்டு வகைப் பூட்டு இருந்தது. புது வகைக்கு எட்டு எழுத்துக்குக் குறையாமல் என்ன வேண்டுமானாலும் சாவியாக வைக்கலாம். பழைய வகைக்குச் சரியாகப் பத்து இடம். பூஜ்யம் முதல் ஒன்பது வரை, பிறகு ஏ முதல் எஃப் வரை, இதற்குள்தான் நிரப்ப வேண்டும். பழைய வகை பலவீனமானது என்று சாருக்குத் தெரியும். ஆனால் மட்டாஞ்சேரி வியாபாரிகளிடம் இருந்த லேப்டாப்புகளில் பாதிக்குப் புது வகை தெரியாது. அதனால் பழையதையே போட்டோம்.

பலவீனமான பூட்டு என்பதாலேயே சார் முறையைக் கடுமையாக்கினார். ஒவ்வொரு இடத்துக்கும் கார்பன் வைத்து மூன்று பிரதி வேலைச்சீட்டு. முதல் வரி, பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினேன். இரண்டாவது, இணைப்புக்குப் பெயர் வைத்தேன். மூன்றாவது, பூட்டின் வகை. நாலாவது வரியை அவரே கையால் எழுதி அச்சுக்குக் கொடுத்தார்: 'சாவியை வாடிக்கையாளரே தட்டினார், நான் பார்க்கவில்லை.' வாடிக்கையாளர் தட்டும்போது நாம் எழுந்து சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். முடித்துவிட்டு "கழிஞ்ஞு" என்று அவர் சொன்ன பிறகுதான் திரும்பலாம். தப்பாகத் தட்டியிருந்தால் மறுபடியும் சுவர். மட்டாஞ்சேரியில் எத்தனை முதலாளிமார் வீட்டுச் சுவரில் எத்தனை தெய்வங்களின் காலண்டர் தொங்குகிறது என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"எதுக்கு சார் இந்தக் கூத்து? நாம என்ன கள்ளமாரா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வேற ஒருத்தரோட சாவி உன் தலையில இருந்தா, நாளைக்கு அங்க ஒண்ணு காணாமப் போனா உன்னையும் கேப்பாங்க, கேட்டோ. அப்ப நீ எந்தா சொல்லுவ?" என்றார்.

நியாயம்தான். ஆனால் அலைந்தது நான் அல்லவா? எண்ணும் எழுத்தும் கலந்த பத்து இடத்தை யார் ஞாபகம் வைப்பார்கள்? எழுதி வைத்த சீட்டைத் தொலைத்துவிட்டு ஃபோன் செய்வார்கள். நான் போய் ஊசியால் பெட்டியைக் குத்தி, பழையதை அழித்து, எல்லாவற்றையும் ஆதியிலிருந்து தொடங்க வேண்டும். சுள்ளிக்கல்லில் ஒரு ரிட்டயரான ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரே மாதத்தில் நாலு தடவை கூப்பிட்டார். நாலாவது தடவை நல்ல மழை. முழங்கால் வரை நனைந்து போய் நின்றேன். எழுதி வைக்கக் காகிதம் தேடியபோது அவருடைய ஃபோன் மேல் ஒட்டியிருந்த நம்பர் கண்ணில் பட்டது. ஊர்க் குறியீட்டில் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விட்டால் 484. அதோடு வீட்டு நம்பர் ஏழு இலக்கம். எண்ணிப் பார்த்தேன். கச்சிதமாகப் பத்து!

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "டீச்சர், உங்க நம்பர்தான் சாவி. ஜீரோ மட்டும் வேண்டா. ஜென்மத்துக்கும் மறக்காது" என்றேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏத்தங்காய் சிப்ஸ் ஒரு பொட்டலம் கொடுத்தார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து அழைப்பே இல்லை. அட, இவ்வளவு லேசான வழியை விட்டுவிட்டு இத்தனை நாள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோமே என்று சிரித்தேன். அதிலிருந்து போகிற இடமெல்லாம் அதே வித்தைதான். ஒவ்வொருவரிடமும் குரலைத் தாழ்த்தி, "உங்களுக்காக ஒரு வழி சொல்றேன்" என்று தொடங்குவேன். தனக்கு மட்டும் கிடைத்த ரகசியம் என்று அவர்கள் பூரித்துப்போவார்கள். நானே தட்டுவேன். அரைமணி வேலை பத்து நிமிஷத்தில் முடியும். வேலைச்சீட்டின் நாலாவது வரிக்குக் கீழே கூசாமல் கையெழுத்துப் போடுவேன். தலைக்கனம், வேறென்ன? ஆபீஸில் என்னுடன் இருந்த மற்ற இருவருக்கும் சொல்லிக்கொடுத்தேன். சாருக்கு மட்டும் சொல்லவில்லை.

பஜார் ரோட்டில் பிரபு முதலாளியின் மிளகு, சுக்கு ஏற்றுமதிக் கடையிலும் அப்படித்தான் செய்தேன். கொங்கணிக்காரர், பழைய ஆள், யாரையும் லேசில் நம்பமாட்டார். அவருடைய அறை மாடியில். கீழே தெருவைப் பார்த்த அறையில் கிளார்க் செல்வம். செல்வம் எங்கள் ஆள்தான், தமிழ்க் குடும்பம். அங்கே பதினோரு வருஷமாக வேலை. கட்டடம் செம்பாறைக் கல்லில் கட்டியது, சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். சிக்னல் தாண்டவே தாண்டாது. அதனால் மாடிப்படிப் பக்கம் தெரு ஜன்னலை ஒட்டி அலமாரி மேல் பெட்டியை வைத்தேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பும் விலைப்பட்டியலைச் செல்வம் கீழே டைப் செய்வார். அதை மாடியிலிருந்து முதலாளி பார்க்க வேண்டும். அதற்காக அது இருக்கும் ஃபோல்டரை உள்ளே இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் திறந்துவிட்டேன். உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தானே, என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை முதலாளி என்னை அவசரமாகக் கூப்பிட்டார். போனால் செல்வம் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார், உட்காரவில்லை. கைக்கு வந்த இரண்டு பெரிய ஆர்டர்கள் கைவிட்டுப் போயிருந்தன. இரண்டு தடவையும் வேறு ஒரு கடை இவர்களுடைய விலைக்குச் சற்றே கீழே விலை சொல்லியிருந்தது. விலை தெரிந்தவர்கள் இரண்டே பேர், முதலாளியும் செல்வமும். "கம்ப்யூட்டர்ல ஏதாவது அடையாளம் இருக்கும்ல, பாரு" என்றார் முதலாளி.

நான் பெட்டியின் உள்பக்கத்தைத் திறந்தேன். இந்த நேரத்தில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் அதில் இருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் பிறக்கும்போதே போட்ட பன்னிரண்டு இடத்து அடையாளம் உண்டு. கீழே உள்ள கம்ப்யூட்டர், மாடியில் உள்ளது, முதலாளியின் லேப்டாப், மூன்றின் அடையாளத்தையும் காகிதத்தில் எழுதி ஒவ்வொன்றாகப் பட்டியலோடு சேர்த்துப் பார்த்து டிக் அடித்தேன். பட்டியலில் நாலு வரி இருந்தது. நாலாவதன் பெயர் 'ஸ்டோர்-2'. அந்தப் பெயரில் அந்தக் கட்டடத்தில் எதுவும் இல்லை.

வெளியாள் வந்திருக்கிறான், செல்வம் தப்பித்தார் என்று நினைத்து அதைச் சொன்னேன். முதலாளி வேறு மாதிரி பார்த்தார்.

"அப்போ அந்த வெளியாளுக்குச் சாவி யார் கொடுத்தது? எனக்கும் இவனுக்கும் மட்டும்தானே தெரியும்?"

செல்வத்தின் முகம் வெளுத்துவிட்டது. "முதலாளி, அது நம்ம ஃபோன் நம்பர்தானே. யாராவது ஊகிச்சுப் போட்டிருக்கலாம்" என்றார்.

"ஜீரோவை விட்டுட்டுப் போடணும்னு எவன் ஊகிப்பான்? உள்ள இருக்கறவன் சொன்னாத்தானே உண்டு?"

செல்வம் என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க சொல்லுங்க. வேற யாருக்கும் அது தோணாதா?"

அந்தத் தெருவில் எத்தனை கடைக்கு நான் இதே வித்தையைச் சொல்லியிருக்கிறேன்! எதிர்வரிசையில் உள்ள கடைகளும் அதில் சேர்த்தி. வாயைத் திறந்தால் சார் காதுக்குப் போகும். பொய்க் கையெழுத்து வெளியே வரும். வேலை போகும். எழுதிய காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். பிறகு, "அப்படிச் சட்டுனு சொல்ல முடியாது சார். செக் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றேன்.

செல்வம் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அவர் காத்திருந்தார். நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று நினைத்திருக்கிறார். நான் குனிந்து சாவியை மாற்றினேன், முதலாளியையே தட்டச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் முதலாளி செல்வத்திடம் சொல்வது கேட்டது. "நாளை தொட்டு நீ வரவேண்டா. நான் ஒரு கல்யாணத்துக்கு மங்களூர் போறேன். திங்களாழ்ச்ச வந்து போலீஸ் ஸ்டேஷன்ல பராதி கொடுப்பேன். அதுக்குள்ள யாருக்குக் கொடுத்தேன்னு சொன்னா உனக்கு நல்லது."

மறுநாள் சனிக்கிழமை, அதே பஜாரில் ஒரு கயிற்றுக் கடையில் புதிதாக இணைப்புக் கொடுக்கப் போனேன். அந்தக் கடைக்காரரை அதற்கு முன் பார்த்ததே இல்லை. பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்தேன். அவர் சாயாவைக் குடித்துக்கொண்டே, "சாவி நம்ம நம்பர்தானே சேச்சி? ஜீரோ வேண்டாம்தானே?" என்றார்.

"உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"இதென்ன ரகசியமா? இந்த பஜார்ல எல்லாருக்கும் அதானே?"

அந்தக் கடையில் முறைப்படி அவரையே தட்டவைத்தேன். "எந்தா சேச்சி, கஷ்டப்படுத்துறீங்க?" என்று அவர் முணுமுணுத்ததைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நேராக ஆபீஸுக்குப் போனேன். சார் டிஃபன் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மழை, டீச்சர், பத்து இலக்கம், பஜார், வெள்ளிக்கிழமை, செல்வம்.

சார் எழுந்து போய்ப் பிரபு முதலாளியின் வேலைச்சீட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"நாலாவது வரி வாசி."

"சாவியை வாடிக்கையாளரே தட்டினார், நான் பார்க்கவில்லை."

"ஒண்ணுகூடி."

வாசித்தேன். சார் நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு முதலாளியின் ஃபோனுக்குப் போட்டுப் பேசினார். அவர் மங்களூரில் பந்தியில் இருந்தார் போல, பின்னால் ஒரே இரைச்சல். "ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்ன எனக்குப் பத்து நிமிஷம் தரணும்" என்று மட்டும் சார் சொன்னார். ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"செல்வத்தோட வீடு உனக்கு அறியுமா?"

"அறியும் சார்."

"திங்களாழ்ச்ச வரைக்கும் அவன் அறியாம இருக்கணுமா?"

தலையை ஆட்டினேன். போகிறேன் என்றும் சொன்னேன். சனிக்கிழமை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டு நடந்தேன். அவர்கள் தெருமுனையில் ஒரு பெட்டிக்கடை. அங்கே நின்று ஒரு சோடா குடித்தேன். செல்வத்தின் வீட்டு வாசல் அங்கிருந்து தெரிந்தது, சின்னச் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. சோடா முடிந்தது. திரும்பி வந்துவிட்டேன். முதலாளி முன்னால் எல்லாம் தெளிந்த பிறகு நல்ல செய்தியாகவே போய்ச் சொல்லலாம், வெறுங்கையோடு ஏன் போவது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை சாரும் நானும் முதலாளிக்கு முன்பே கடை வாசலில் நின்றோம். சார் லேப்டாப்பைத் திறந்து இடது கையில் ஏந்திக்கொண்டார். முதலாளி வந்ததும் "உள்ள வேண்டா, ஒரு நடை நடப்போம்" என்று தெருவில் இறங்கினார். முதலாளிக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் வந்தார். மூட்டை வண்டிகளுக்கு வழிவிட்டுக்கொண்டு மூன்று பேரும் நடந்தோம். இணைப்புகளுக்கு நான் வைத்த பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. எல்லாம் கடைகளின் பெயர்கள். ஓர் அரிசிக் கடைக்கு எதிரில் சார் நின்றார். பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்து, அதில் எழுதியிருந்த ஃபோன் நம்பரை, முன்னால் இருந்த பூஜ்யத்தை விட்டுவிட்டு, சத்தமாக வாசித்துக்கொண்டே தட்டினார். இணைந்தது. உடனே துண்டித்துவிட்டு உள்ளே போய்க் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்தது ஒரு பாத்திரக் கடை. அதுவும் இணைந்தது. மூன்றாவதாக மருந்துக் கடைக்கு வந்ததும் லேப்டாப்பை முதலாளியிடம் நீட்டினார்.

"நீங்க தட்டுங்க."

முதலாளி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பலகையைப் பார்த்து, ஒற்றை விரலால் பத்து எண்ணையும் தட்டினார். இணைந்தது. அவர் திரையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு தெருவில் வரிசையாகத் தொங்கிய எல்லாப் பலகைகளையும் பார்த்தார்.

"இது என் கம்பெனி செஞ்ச பிழை" என்றார் சார்.

"கம்பெனி இல்ல, நான் செஞ்சது" என்றேன். எதிர்வரிசைக் கடைகளுக்கும் நானே சொல்லிக்கொடுத்ததை, தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்கச் சொன்னேன்.

முதலாளி என் முகத்தைப் பார்த்தே கேட்டார். "வெள்ளியாழ்ச்ச அவன் உன்கிட்டக் கேட்டப்போ இது உனக்கு அறியுமா?"

"அறியும்."

"பின்ன ஏன் வாயைத் திறந்து மிண்டலை?"

"பேடிச்சுப்போய்ட்டேன் சார். வேலை போயிடும்னு."

"அவனுக்குப் போச்சே" என்றார் முதலாளி.

'ஸ்டோர்-2' யாருடையது என்பதைப் பஜார்க்காரர்களே கண்டுபிடித்து, வியாபாரிகள் சங்கத்தில் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பஞ்சாயத்தில் வேலை இல்லை. எனக்குச் சார் வேறு வேலை கொடுத்தார். நான் அந்த வித்தையைச் செய்த ஒவ்வொரு இடத்துக்கும் நானே போய்ச் சாவியை மாற்ற வேண்டும். அதோடு, ஏன் மாற்றுகிறேன் என்றும் சொல்ல வேண்டும். "அப்டேட்னு பொய் பறயாதே. நீ எந்தா செஞ்சேன்னு பற" என்றார். வேலையிலிருந்து தூக்கியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். இது மூன்று மாதம் எடுத்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சர், "அய்யே, அது நல்ல வழியாயிருந்ததே" என்று என்னோடு சண்டைக்கே வந்தார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தத் திங்கட்கிழமை மதியம், நாளை முதல் வேலைக்கு வரச்சொல்லி முதலாளி கொடுத்த வார்த்தையோடு செல்வத்தின் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை பெட்டிக்கடையில் நிற்கவில்லை. செல்வம் லுங்கியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். நான் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். சொல்லி முடித்து, மன்னிச்சிருங்க என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"சரி அக்கா" என்றார். எழுந்து வழிவிட்டு, "உள்ள வாங்க. இதை அவகிட்ட நீங்களே பறயணும். நான் பறஞ்சா வேற மாதிரி இருக்கும்" என்றார்.

உள்ளே அவர் மனைவி பத்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். பெட்டி, பூட்டு, பத்து இலக்கம், பலகை, பஜாரில் இன்று காலை நடந்தது எல்லாம். பத்மாவுக்கு அதில் பாதி புரிந்திருக்காது. அவள் கையிலிருந்த சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அப்ப இவரு இல்ல" என்றாள்.

"இவர் இல்ல பத்மா. ஒண்ணுமே செய்யல. தப்பு என்னோடது."

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நேத்து சாயங்காலம் மோள் தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னேனே" என்றாள்.

நான் சோடா குடித்துவிட்டுத் திரும்பிப் போன அதே நாள் சாயங்காலம்.

"வச்சேன்ல" என்றார் செல்வம். "வச்ச பிறகும் நீ உறங்கல."

குரலில் கோபம் எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். பத்மா மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "அக்காவுக்குச் சாயா போடறேன்" என்று சொல்லி அடுக்களைக்குப் போனாள்.

நாளைக்கு ஆபீஸ் போகிறீர்களா என்று ஏதோ கேட்டுவைத்தேன்.

"போவேன் அக்கா. முதலாளி கேட்டது கொஞ்ச நாள்ல மறந்துபோகும். அவரு வெளியாளு" என்றார் செல்வம், அடுக்களைப் பக்கம் பார்த்தபடி.

உள்ளே அடுப்புப் பற்றவைக்கும் சத்தத்துக்காக இரண்டு பேரும் காத்திருந்தோம். வெகுநேரம் ஆயிற்று. அது கேட்கவே இல்லை.